கொல்லைப்புறத்தில் ஒரு செம்பரம்பாக்கம்

சென்னையில் சொந்த வீடு வைத்திருப்பவன் வருடத்துக்கு இரண்டு தடவை தண்ணீருக்குப் பணம் அழுகிறான். மே மாதத்தில் உள்ளே கொண்டுவர. நவம்பரில் வெளியே தள்ள. “ரெண்டும் ஒரே தண்ணிதானேங்க, வந்ததை அங்கேயே வெச்சுக்க ஒரு வழியும் கிடையாதா?” என்று மனைவி கேட்டால், “உனக்கு இதெல்லாம் புரியாது” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுவது குடும்பத் தலைவனின் லட்சணம். அந்த லட்சணத்தில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை.

வீடு மடிப்பாக்கத்தில். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஏரியில் மிஞ்சிய தண்ணீர் சதுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வழியில் நாங்கள் பத்திரம் பதிந்துகொண்டு குறுக்கே உட்கார்ந்திருக்கிறோம். அப்பா மனை வாங்கிய காலத்தில், “மழைக்குத் தண்ணி நிக்குமா?” என்று தரகரைக் கேட்டாராம். “நிக்கவே நிக்காது சார், ஓடிக்கிட்டே இருக்கும்” என்றாராம் அவர். பொய் சொல்லாத ஒரே மனைத் தரகரை அப்பா சந்தித்திருக்கிறார். அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

கொல்லை 24 அடிக்கு 15 அடி. ஒரு காலத்தில் அது அம்மாவின் ராஜ்ஜியம். பின்வாசல் படி இறங்கியதும் துவைக்கிற கல். அதைத் தாண்டி வாழை, கறிவேப்பிலை, எப்போது பார்த்தாலும் கம்பளிப்பூச்சியோடு நிற்கும் ஒரு முருங்கை. பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே விழுமோ அங்கே கல்வாழை. அந்தச் சோப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அது சிவப்பாகப் பூத்துக்கொண்டிருக்கும். அம்மா இதற்கெல்லாம் பிளான் போட்டதில்லை, யாருக்கும் ஃபீஸ் கொடுத்ததில்லை. தண்ணீர் எங்கே வருகிறதோ அங்கே அதைக் குடிக்கிற ஒன்றை நட்டுவைத்தாள், அவ்வளவுதான்.

நான் பேங்கில் ஆடிட் பார்த்து ரிட்டயர் ஆனவன். ஐந்து பைசா உதைத்தால் அன்று ராத்திரி தூக்கம் கிடையாது. அப்படிப்பட்டவன் தினமும் காலையில் காப்பியோடு கொல்லைக் கதவைத் திறந்து, மேடும் பள்ளமுமாக, உதிர்ந்த முருங்கை இலையும் கோழி கிளறிய மண்ணுமாக ஒரு கணக்கில் வராத சொத்தைப் பார்ப்பதென்றால் எத்தனை வருடம் பொறுப்பான்? 2023 கோடையில் ஒரு சாரைப்பாம்பு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஓடி மறைந்தது. சாரைக்கு விஷம் கிடையாது, எலி பிடிக்க வரும், போய்விடும் என்று அம்மா சொன்னாள். எனக்குத் தேவைப்பட்டது ஒரு பாம்பு. அது கிடைத்துவிட்டது. மறுவாரம் கொல்லையில் பார்க்கிங் டைல்ஸ் வந்து இறங்கியது.

மேஸ்திரி வந்தார். நாற்பது வருடமாகக் கரணை பிடிக்கும் கை. கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்.

“வாட்டம் எந்தப் பக்கம் சார் விடணும்?”

“எதுக்கு மேஸ்திரி வாட்டம்? இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மட்டமா இருக்கணும்.”

“தண்ணி போகணுமே சார். பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாச்சும் இறக்கணும்.”

“பத்தடிக்கு ஒன்றரைன்னா, இருபத்துநாலு அடிக்கு மூணரை அங்குலம். நாற்காலி போட்டு உட்கார்ந்தா சாயாதா?”

“நாற்காலி சாயாது சார். மட்டமாப் போட்டாத்தான் தண்ணி நிக்கும்.”

“நின்னா வெயில்ல காஞ்சிடும்.”

அப்போது ஏப்ரல் மாதம். காயாத பொருள் எதுவும் ஊரில் இல்லை. மேஸ்திரி என்னை ஒரு தடவை பார்த்தார். கூலி கொடுப்பவனை அதற்கு மேல் பார்ப்பது அவர் வழக்கமில்லை. ரசமட்டத்தை வைத்து வைத்து, குமிழி நட்டநடுவில் நிற்கிறதா என்று நான் ஒவ்வொரு வரிசைக்கும் குனிந்து கையெழுத்துப் போடாத குறையாகச் சரிபார்த்து, வேலை முடிந்தது. கடைசி நாள் மகனுடைய பழைய கோலிக்குண்டு ஒன்றைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றது. வேறொரு இடத்தில் வைத்தேன். அங்கேயும் நின்றது. சித்தாள் பெண் மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கென்ன, என் தளம் உதைக்கவில்லை.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கோடை மாதங்களில் வானம் நம்மோடு பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்வதில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கொல்லை 360 சதுர அடி, அதாவது 33 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொட்டை மாடியில் பாதி, சுமார் 500 சதுர அடி, பின்பக்கக் குழாய்கள் வழியாகக் கொல்லைக்குத்தான் இறங்குகிறது. இரண்டையும் கூட்டினால் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 800 லிட்டர். பத்து சென்டிமீட்டர் பெய்தால் 8,000 லிட்டர். கோடையில் வீட்டு வாசலில் நின்று ஹார்ன் அடிக்கும் தண்ணீர் லாரியின் கொள்ளளவு 9,000 லிட்டர். அதாவது ஒரு நல்ல மழை நாளில் சொல்லாமல் கொள்ளாமல், டிரைவருக்கு டீக்காசு கூட வாங்காமல், கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர் என் கொல்லைக்கு வந்து சேருகிறது. மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கை வேர் குடித்தது, ஒரு பங்கு மெல்லக் கீழே இறங்கியது. டைல்ஸ் அப்படிப்பட்ட சில்லறை வேலைகளைச் செய்வதில்லை. வாங்கியதை வாங்கியபடி வைத்திருக்கும். ஒரு லிட்டர் குறையாது. பேங்குக்காரன் போட்ட தளம்.

முதல் கனமழையன்று, நாலு சென்டிமீட்டருக்கே, நாலு அங்குலத் தண்ணீர் நின்றது. என் தளத்தின் நேர்த்தி அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது என்று சொல்லவேண்டும். எந்த மூலையில் ஸ்கேலை வைத்தாலும் அதே நாலு அங்குலம். இதை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஸ்கேலைப் பார்க்கவில்லை.

“ஏங்க, செம்பரம்பாக்கம் ஏரி முழுக் கொள்ளளவு இருபத்துநாலு அடியாம். நியூஸ்ல சொன்னான். நம்மளோடது எத்தனைன்னு அத்தை கேக்கறாங்க.”

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகன் மார்க்கர் எடுத்துக்கொண்டு போய் மதில் சுவரில் அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டான். பின்வாசல் இரண்டாவது படி நனையும் உயரத்தில் சிவப்புக் கோடு. ‘முழுக் கொள்ளளவு’ என்று பக்கத்தில் எழுத்து வேறு. தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிக்கை வர ஆரம்பித்தது. ‘இன்றைய நீர்மட்டம் ஐந்து அங்குலம். நீர்வரத்து அதிகரிப்பு. வெளியேற்றம் பூஜ்யம். தாழ்வான பகுதியில் உள்ள வாஷிங் மெஷின் பாதுகாப்பான இடத்துக்கு நகருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ திருச்சியில் இருக்கும் மைத்துனர் போன் செய்து, உபரி நீர் எப்போது திறக்கப்போகிறீர்கள், கரையோர மக்கள் நாங்கள் தயாராக இருக்கவேண்டாமா என்று விசாரித்தார். என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்ட கை அது. பொறுத்துக்கொண்டேன்.

தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள் மட்டமான தரையில் அதைச் செய்து பார்த்ததில்லை. தென்னந்துடைப்பத்தை அழுத்தி ஒரு தள்ளுத் தள்ளினால் தண்ணீர் மரியாதையாக ரெண்டடி முன்னால் போகும். அடுத்த தள்ளுக்குத் துடைப்பத்தை எடுப்பதற்குள், அது இரண்டு பக்கமும் பிரிந்து என் காலைச் சுற்றிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அரை மணி நேரம் தள்ளினேன். வேட்டி நனைந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது. நீர்மட்டம் மட்டும் மாறவில்லை.

கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பெண் அந்த வாரம்தான் வரவேண்டுமா? ஃபிரிட்ஜ் பின்னால் தட்டு, பூந்தொட்டி, தேங்காய்ச் சிரட்டை என்று வழக்கமாகப் பார்க்கும் இடமெல்லாம் பார்த்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தார். டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடாது, இந்த மாதிரிச் சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும் என்பது அவர் எத்தனையோ வீட்டில் ஒப்பித்த பாடம். என் கொல்லையைப் பார்த்ததும் பாடத்தை மறந்து கொஞ்ச நேரம் நின்றார். “தொட்டி கட்டினா மேல மூடி போடணும் சார்” என்றார்.

“இது தொட்டி இல்லைம்மா. தளம்.”

பையிலிருந்த மருந்தைப் பார்த்தார், கொல்லையைப் பார்த்தார். ஒரு வீட்டுக்கு இவ்வளவு கொடுக்க அவருக்கு அனுமதி இருந்ததாகத் தெரியவில்லை.

சைஃபன் என்ற யோசனை மகனுடையது. குழாயின் ஒரு முனை கொல்லைத் தண்ணீரில், மறுமுனை பக்கச் சந்து வழியாக ரோட்டில். ஒரு தடவை வாயால் உறிஞ்சிவிட்டால் போதும், பிறகு தானாக ஓடும் என்றான். உறிஞ்சும் பொறுப்பு தலைமுறை வழக்கப்படி எனக்கு வந்தது. வாய் நிறையக் கொல்லை வந்தது. குழாயைக் கீழே வைத்தேன். தண்ணீர் குழாய்க்குள் கொஞ்சம் யோசித்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சைஃபன் ஓடவேண்டுமானால் வெளியே விடும் முனை உள்ளே இருக்கும் தண்ணீரைவிடத் தாழ்வாக இருக்கவேண்டும். ரோடு எங்கள் கொல்லையைவிட உயரம் என்ற செய்தியை அந்தக் குழாய்தான் முதலில் சொன்னது. நான் அப்போது வாய் கொப்பளித்துக்கொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை.

அடுத்தது பம்ப். ஹார்டுவேர் கடையில் அரை ஹெச்பி சப்மெர்சிபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர், “ஒரு அடித் தண்ணியிலயாவது முழுகி இருக்கணும் சார். வெளிய தெரிஞ்சுதுன்னா காயில் போயிடும்” என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் வடிந்து நாலு அங்குலமாகியிருந்தது. வடிந்ததும் கிடையாது, காக்கை குடித்திருக்கும். மிச்சம் எட்டு அங்குலத்துக்கு எங்கே போவது? கொல்லைத் தண்ணீரை வெளியேற்றுவதற்காக இன்னும் நல்லா மழை பெய்யவேண்டும் என்று வானத்தைப் பார்த்து நின்ற ஆள் அந்த வருடம் சென்னையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வருண ஜபத்துக்கு ஆள் பார்க்கட்டுமா என்றாள் அம்மா. அவள் கிண்டல் செய்கிறாளா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாத முகம் அவளுக்கு.

பெரிய பிளாஸ்டிக் வாளியில் பம்பை நிற்கவைத்தேன். மகன் ஒரு பக்கமாக மொண்டு மொண்டு வாளியில் ஊற்ற, பம்ப் அதை உறிஞ்சிச் சந்து வழியாக ரோட்டுக்கு அனுப்பியது. பிரமாதமாக வேலை செய்தது. வாளி நிறைய எடுத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கில் காலியானது. அவன் ஊற்றுவான், நான் சுவிட்சைப் போடுவேன், காலியானதும் அணைப்பேன். மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்த வாளியையே தூக்கிட்டுப் போய் ரோட்டுல ஊத்தினா என்ன?”

சில கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லக்கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போனேன்.

கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் திறந்துவிட்டால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் போய்விடுமே என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். தெருவில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே பேசுவதில்லை. இதைப் பிளம்பரிடம் சொன்னபோது அவர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. சாக்கடைக் குழாய் வீட்டுத் தண்ணீருக்கு அளந்து போட்டது, மழையையும் அதில் விட்டால் தெரு மேன்ஹோல் பொங்கும். பொங்க இடமில்லாவிட்டால் தரைத்தளத்து பாத்ரூம் வழியாக உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும் என்று விளக்கினார். “மழைத்தண்ணி போனாப் போகட்டும்னு விடலாம் சார். திரும்பி வரது மழைத்தண்ணியா இருக்காது.” இவ்வளவு நாசூக்காகப் பேசும் பிளம்பரை நான் பார்த்ததில்லை. மூடியின் மேல் பூந்தொட்டியை வைத்துவிட்டேன்.

கடைசியில் நாலு அங்குல பிவிசி பைப்பு ஒன்றைக் கொல்லையிலிருந்து சந்து வழியாகப் பதித்து, தெரு ஓர மழைநீர் வடிகாலில் கொண்டு சேர்த்தேன். வாட்டம் பார்த்தீர்களா என்று மகன் கேட்டான். கீழடியில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சுடுமண் குழாய் கிடைத்திருக்கிறதாம். அதைப் பதித்தவன்கூட வாட்டம் பார்த்திருப்பானாம். கீழடிக்காரனுக்கு மடிப்பாக்கத்தில் மனை இல்லை என்று சொல்லி வாயடைத்தேன். பைப்பும் என்னைக் கைவிடவில்லை. சின்ன மழைக்கெல்லாம் கொல்லை காலையில் காய்ந்து கிடந்தது. நீர்மட்ட அறிக்கை நின்றுபோனது. மைத்துனருக்கு நானே போன் செய்து நலம் விசாரித்தேன்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3, 4 தேதிகளில் ஊரே மிதந்தது. தெரு வடிகால் விளிம்பு வரை நிறைந்தது. பைப்புக்கு இந்த முனை உள்ளே, அந்த முனை வெளியே என்றெல்லாம் தெரியாது. எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கத்திலிருந்து மறுபக்கம். தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளம் முன்வாசல் வழியாகத் தயங்கித் தயங்கி ஏறி வந்தபோது, எங்கள் வீட்டுக்கு மட்டும் நேரடி இணைப்பில், நாலு அங்குல விட்டத்தில், கொல்லைக்கே வந்துவிட்டது. கூடவே ஒரு குழந்தைச் செருப்பு, ஒற்றை. சிவப்புக் கோடு மூழ்கிப்போனதால் மகனால் அன்றைக்கு அறிக்கை கொடுக்க முடியவில்லை. பழைய துணியைச் சுருட்டிப் பைப்பு வாயை அடைத்து அதன்மேல் அம்மாவின் அம்மிக்குழவியை வைத்து அழுத்தினேன். இந்த இடத்தில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடவேண்டும் என்று பிளம்பர் பைப்பு பதித்த அன்றே சொல்லியிருந்தார். அதன் விலையைக் கேட்டு நான்தான் சிரித்தேன்.

தை பிறந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்து நின்றவர், “நீங்க சொன்னபடிதான் சார் போட்டேன். கோலி வெச்சுப் பாத்தீங்களே” என்றார். முதல் வாக்கியத்திலேயே முன்ஜாமீன்.

பிறகு ஒரு காரியம் செய்தார். பையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாய், விரல் தடிமன், உள்ளே பார்த்தால் தெரியும் வகை. டியூப் லெவல் என்பார்கள். அதில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றி, ஒரு முனையைச் சித்தாளிடம் கொடுத்து ரோட்டில் நிற்கச் சொன்னார். மறுமுனையைக் கொல்லையில் மதிலோரம் நிமிர்த்திப் பிடித்தார். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கி, ஆடி, நின்றது. அங்கே ரோட்டு மட்டத்தில் சித்தாள் விரலை வைத்து “சரி” என்று குரல் கொடுத்தாள். இங்கே மேஸ்திரி மதிலில் பென்சிலால் கோடு போட்டார். என் டைல்ஸிலிருந்து அரையடிக்கு மேல் இருந்தது அந்தக் கோடு.

“வீடு இறங்கிடுச்சா மேஸ்திரி?”

“வீடு அப்படியேதான் இருக்கு சார். ரோடு ஏறிடுச்சு.”

அப்பா வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வரவேண்டும். பழைய தார் மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொரு தார். படி ஒவ்வொன்றாக மறைந்து, இப்போது கேட்டைத் திறந்தால் உள்ளே இறங்குகிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும், ரோட்டு மட்டம் உயரக்கூடாது என்று 2021-ல் அரசே உத்தரவு போட்டது. எங்கள் தெருவில் தார் போட்டவருக்கு அன்றைக்குப் பேப்பர் வரவில்லைபோல. இதற்குப் பரிகாரமாக வீட்டின் அடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி, நாலடி தூக்கித் தருகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். நானும் விலை விசாரித்தேன். அந்தப் பணத்துக்கு ரோட்டை விலைக்கு வாங்கிச் சுரண்டிவிடலாம்.

இந்த ஆலோசனையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், “உங்கப்பா தோண்டின குழி எங்கடா போச்சு?” என்றாள்.

2003-ல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சட்டம் கொண்டுவந்ததே, குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஊரே குழி தோண்டியதே, அப்போது அப்பாவும் தோண்டினார். பல வீடுகளில் அது அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு பைப்பைச் சுவரோரம் மண்ணில் செருகியதோடு முடிந்தது. அப்பா அப்படி இல்லை. பெசன்ட் நகரில் வீடு வீடாகப் படியேறி, மழையை மண்ணுக்குள் விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த சேகர் ராகவனைப் பற்றிப் படித்துவிட்டு, அதெல்லாம் கடற்கரை மணல், ஊற்றினால் உறிஞ்சும், நம்மூர்க் களிமண்ணுக்கு வேறு மாதிரி வேண்டும் என்று ஆள் பிடித்து, மூன்றடி விட்டத்தில் உறை இறக்கி, அதன் அடியில் களிமண்ணைத் தாண்டி மணல் தட்டுப்படும் வரை துளை போட்டு, மாடிக் குழாய்களை அதில் சேர்த்தார். உடைந்த செங்கல், ஜல்லி, மேலே மணல். வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னால் மேல் மணலை வாரி அலசிப் போடுவது அவர் வேலை. அவர் போனபின் அதை யாரும் செய்யவில்லை.

“அந்தக் குழி எங்கே மேஸ்திரி?” என்று கேட்டேன்.

“வாஷிங் மெஷினுக்கு அடியில சார். மூடி ரெண்டு அங்குலம் தூக்கிக்கிட்டு மட்டத்தைக் கெடுக்குதுன்னு உடைச்சுப் போடச் சொன்னீங்க. மாடிப் பைப்பையும் அறுக்கச் சொன்னீங்க.”

அம்மா கீரைத் தண்டை இரண்டாக ஒடித்தாள்.

டைல்ஸை உடைக்கும் சத்தம் கேட்க முடியாமல் நான் உள்ளே போய் டிவி பார்த்தேன். திரும்பி வந்தபோது குழியைத் திறந்திருந்தார்கள். மேல் மணல் கருத்துக் கெட்டிப்பட்டுப் பாளம் பாளமாக வந்தது. சித்தாள் அதைப் பாண்டில் அள்ளி அள்ளிக் கொட்டினாள். அடியில் செங்கல் துண்டுகளுக்கு நடுவே ஒரு தேரை, இருபது வருட வாடகை பாக்கியோடு, எழுந்திருக்க மனமில்லாமல் எங்களைப் பார்த்தது. ஜல்லியைக் கழுவிப் போட்டு, புது மணல் கொட்டி, ஒரு டிரம் தண்ணீரைச் சாய்த்தோம். தளும்பி நின்றது. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் பீடி பற்றவைத்தார். பீடி பாதியாகும்போது தண்ணீரில் ஒரு அங்குலம் குறைந்திருந்தது. பீடி தீர்ந்தபோது மணல் ஈரமாகத் தெரிந்தது.

குழிக்கு முன்னால் வண்டலைப் பிடிக்க இரண்டடிக்கு இரண்டடி, இரண்டரையடி ஆழத்தில் ஒரு தொட்டி. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, குப்பையை அடியில் விட்டுவிட்டு, வலை வழியாகக் குழிக்குப் போகும். குழி குடிக்கிற வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்தால்? ஏரி என்றால் கலிங்கு வேண்டாமா என்றார் மேஸ்திரி. அந்தத் தொட்டியில்தான் இப்போது என் அரை ஹெச்பி பம்ப் கழுத்தளவு ஆழத்தில் கௌரவமாக நிற்கிறது. ரோட்டு மட்டத்துக்கு மேலே ஏற்றி, வால்வோடு, வடிகாலுக்குப் பைப்பு. தளம் முழுவதும் நாலு பக்கத்திலிருந்தும் அந்தத் தொட்டியை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குல வாட்டத்தில் மறுபடி போட்டார்கள். வீட்டுப் பக்கம் தரை உயர்ந்ததில் பின்வாசலில் ஒரு படி காணாமல் போய்விட்டது. முட்டி வலிக்கு இதுதான் வசதி என்று அம்மா சொல்லிக்கொண்டாள். மதிலோரம் மூன்றடி அகலத்துக்கு டைல்ஸே வேண்டாம் என்றும் சொன்னாள். சிக்கனத்துக்காக ஒப்புக்கொண்டேன். மறுநாளே அங்கே கல்வாழை வந்துவிட்டது.

நாற்காலி கொஞ்சம் சாய்கிறது. மேஸ்திரி சாயாது என்று சொன்னது தவறு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2024 மழைக்குக் கொல்லையில் தண்ணீர் நிற்கவில்லை. இதில் என்னுடைய பங்கு என்ன என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு உண்டு. தெருவில் கிடையாது. மழைநீர் வடிகால் என்றால் என்னைத்தான் கேட்பார்கள் என்ற நிலைமை வந்துவிட்டது. இடதுபக்க வீட்டுக்காரர் தன் கொல்லைக்கும் தளம் போடப்போவதாக வந்தபோது, உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, ஒரு மணி நேரம் சொன்னேன். மட்டம் பார்க்கவே பார்க்காதீர்கள் சார், வாட்டம்தான் உயிர். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், ஒரு நூல் குறையக்கூடாது. தண்ணீர் கடைசியில் எங்கே போகும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் முதல் கரணைக் கலவையை அள்ளவேண்டும். அவர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ஆள் சொன்னபடி செய்கிறவர். ஒரு நூல் குறைக்கவில்லை, தண்ணீர் எங்கே போகும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிட்டார். போன வாரம் பெய்த கோடை மழையில் மதிலடியில் இருக்கும் ஓட்டை வழியாக அவருடைய 400 சதுர அடியும் எங்கள் கல்வாழைக்கு வந்து சேர்ந்தது. மகன் மார்க்கரைத் தேடிக்கொண்டிருக்கிறான்.